தோழிக்காகக் கேட்ட விவாகரத்து நகல்

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

உங்கள் மேனேஜர் என்னிடம் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். முப்பது வருஷ அனுபவத்தில் பெரிய வெற்றி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், புதுப் பிள்ளைகளுக்கு உதவும் என்றார். ஒரு வாரம் யோசித்தேன். எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டாள். ஆகவே நான் சொதப்பியதைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சரக்கு நம்மிடம் நிறைய இருக்கிறது.

பர் துபாயில், மீனா பஜாரிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். விசா, வாடகை ஒப்பந்தம், குழந்தை பிறந்தால் ஒரு பேப்பர், ஆள் போய்விட்டால் ஒரு பேப்பர். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கற்ற ஃபாரம் எதுவும் இப்போது உயிரோடு இல்லை. ஒரே ஒரு வேலை மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. ஊர்க் கோர்ட்டில் எப்போதோ முடிந்த விவாகரத்து வழக்கைத் தேடிப் பிடித்து, முத்திரை போட்ட நகல் வாங்கி, அதற்கு மேல் இன்னும் நாலு முத்திரை குத்தி இங்கே கொண்டுவருவது. இந்த வேலையில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் பேர் இருந்தது. அந்தப் பேரைப் பரப்பியதும் நான்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் ரகசியம் இதுதான்: விவாகரத்து நகல் கேட்டு வருகிற யாரும் தனக்கு என்று சொல்ல மாட்டார்கள். "ஃப்ரெண்டு ஒருத்தருக்கு பாய்" என்பார்கள். ரூம் மேட்டுக்கு, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவருக்கு, தூரத்துச் சொந்தத்துக்கு. நானும் மறு பேச்சு இல்லாமல் தலையாட்டுவேன். அந்த "ஃப்ரெண்டு" எதிரே உட்கார்ந்துதான் டீ குடித்துக்கொண்டிருப்பார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஏனென்றால் ஒருமுறை எனக்கு மூலம் வந்தபோது, கராமாவில் ஒரு டாக்டரிடம் போய், என் நண்பன் ஒருவனால் உட்கார முடியவில்லை என்று நின்றுகொண்டே சொன்னவன் நான். டாக்டரும் மருந்து எழுதிக் கொடுத்து, "உங்க ஃப்ரெண்டைக் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார். அப்படிப்பட்ட நாகரிகம்தான் நமக்கும் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

இந்த நிலையில்தான் வித்யா வந்தார்.

வித்யா எங்கள் பழைய கஸ்டமர். வங்கியில் வேலை. வாடகை ஒப்பந்தம் வருஷா வருஷம் எங்களிடம்தான் டைப் ஆகும். அதில் அவர் பெயரும் கணவர் பிரசன்னாவின் பெயரும் இருக்கும். இரண்டு பேருடைய பாஸ்போர்ட் நகலும் என் ஃபைலில் இருந்தன. வித்யாவுக்கு கோயம்புத்தூர், பிரசன்னாவுக்குச் சேலம்.

அன்றைக்கு வித்யா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். கவிதா என்று ஒரு தோழி, ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பேக்கிங் சூப்பர்வைசர், ஆறு நாளும் டியூட்டி, பகலில் வர முடியாது, அதனால் நான் வந்திருக்கிறேன் என்றார். கவிதாவுக்கு எட்டு வயதில் ஒரு பெண், தன்யா. இவ்வளவு நாள் ஊரில் மாமா வீட்டில் இருந்தவள். விசிட் விசாவில் வரவழைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது, இனி நீட்ட முடியாது. இருபத்தைந்து நாளில் அம்மா பெயரில் ரெசிடென்ஸ் விசா போட்டாக வேண்டும். தகப்பனின் சம்மதக் கடிதம் கையில் இருக்கிறது. குழந்தை அம்மாவின் பொறுப்பில் என்று சொல்லும் விவாகரத்துத் தீர்ப்பு மட்டும் இல்லை. வீடு மாறியதில் ஒரிஜினல் தொலைந்துவிட்டது.

"திரும்ப அனுப்ப மாட்டேன்னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லித்தான் பாய் கூட்டிட்டு வந்தா. அதுக்காகத்தான் கேக்கறேன்" என்றார் வித்யா.

சொல்லும்போது கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. பாவம், தன் கதையையே தோழி கதையாகச் சொல்கிறாளே என்று.

ஒரு சீட்டை நீட்டினார். கவிதா எழுதியது என்றார். வாங்கி, மேல் வரியைப் பார்த்தேன். கவிதா, கணவர் செந்தில் என்று இருந்தது. அடடா, கணவருக்குக்கூடப் பெயர் கற்பனை செய்திருக்கிறாளே என்று மனம் உருகியது. சீட்டை மரியாதையாக மடித்து, மேஜை டிராயரில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் பதினெட்டு நாள் அதை நான் திறக்கவில்லை.

வித்யா போனதும் பழைய ஃபைலை எடுத்தேன். தேட வேண்டிய பெயர்கள்: வித்யா, பிரசன்னா. தேட வேண்டிய கோர்ட்: பெண்ணின் ஊர் கோயம்புத்தூர். ஊரில் எங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு அனுப்பினேன். அந்தப் பெண் தன் வாயால் சொல்ல முடியாததை நாமே புரிந்துகொண்டு செய்துவிட்டோம் என்கிற பெருமிதத்தில் அன்று மத்தியானம் ஒரு சமோசா அதிகம் சாப்பிட்டேன்.

இடையிடையே சில விஷயங்கள் இடிக்கத்தான் செய்தன. ஃபைலில் குழந்தையே இல்லையே? ஊரில் வளர்ந்த பெண்ணாயிற்றே, இங்கே எப்படி இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன மாதம் கூட இரண்டு பேர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் புதுப்பித்தோமே? துபாயில் வாடகை ஏறுகிற ஏற்றத்துக்கு, பிரிந்தவர்கள் ஒரே ஃபிளாட்டில் இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன். தம்பிகளே, இதைக் கவனியுங்கள். எனக்குக் குழப்பம் வந்தது. வந்த குழப்பத்தையெல்லாம் நானே வேலை மெனக்கெட்டுத் தீர்த்து வைத்தேன். குழப்பத்தை அப்படியே விட்டிருந்தால் அது என்னைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து வித்யா வந்தார். ஏசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பால் அதிகமாக ஊற்றிய டீ வரவழைத்தேன்.

"சீட்டுல இருந்ததெல்லாம் போதுமா பாய்? கவிதா கேக்கச் சொன்னா."

"நீங்க எதையும் நெனச்சுக் கவலைப்படாதீங்கம்மா. நான் இருக்கேன். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

"நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன் பாய்" என்றார், ஒன்றும் புரியாமல். அந்தப் புரியாத பார்வையைச் சோகம் என்று குறித்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது: அப்படி ஒரு வழக்கு எந்தப் பதிவிலும் இல்லை. எனக்கு உறைக்க வேண்டும் அல்லவா? உறைத்தது, வேறு மாதிரி. வழக்கைப் போட்டது அந்த ஆளாக இருக்கும், அவன் ஊரில் போட்டிருப்பான் என்று தோன்றியது. குமாஸ்தாவைச் சேலத்துக்கு அனுப்பினேன். இன்னும் ஒரு வாரம் போயிற்று. சேலத்திலும் இல்லை.

சேலத்தில் வழக்கு இல்லையே தவிர, சேலம் கோர்ட்டில் பிரசன்னாவின் சித்தப்பா இருந்தார். வக்கீல். நம் குமாஸ்தா பதிவறையில் நின்று பெயர்களை உரக்கப் படித்தபோது அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்; உடனே பிரசன்னாவுக்குப் போன் போட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. கடை திறந்த உடனே ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட் மாதிரி ஒரு டிபன் பை. பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. பாஸ்போர்ட் நகலில் இருந்த அதே முகம். பிரசன்னா. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"பாய், ஒரு விவரம் கேக்கணும். எனக்கில்ல. என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு."

"கேளுங்க சார்."

"ஒருத்தருக்கு... அவருக்கே தெரியாம டைவர்ஸ் ஆயிருக்க முடியுமா?"

மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, முடியாது என்றும் சொல்லாமல், முடியும் என்றும் சொல்லாமல், கோர்ட் விஷயம் நமக்குத் தெரியாது, இங்கே விசா மட்டும்தான், மற்றதெல்லாம் மாஃபி, ஒன்றும் கிடையாது என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் "விவாகரத்து ஆவணங்கள் பெற்றுத் தரப்படும்" என்று என் கையாலேயே எழுதி ஒட்டிய போர்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"சரிங்க பாய். அவன்கிட்ட சொல்லிடறேன்" என்று எழுந்து போனார். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டுச் சாவி எங்கே என்று தெரியாத மாதிரி ஒரு பார்வை.

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் வித்யாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அவரு இங்க வந்தாரு. கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்கோங்க."

"யாரு பாய் வந்தது?"

"அவருதான். உங்க... முன்னாள்."

"என்ன முன்னாள்?"

"உங்க முன்னாள் வீட்டுக்காரரும்மா. பிரசன்னா."

பாத்திரம் ஒன்று வைக்கப்படும் ஓசை கேட்டது.

"அவரு இங்கதான் பாய் உக்காந்து தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்காரு. போனை ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க என்ன சொன்னீங்களோ அதைத் திரும்பச் சொல்லுங்க."

நான் திரும்பச் சொல்லவில்லை. அல்லாஹ் அந்த நேரம் எனக்குச் சிக்னலைக் கட் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. தெளிவான லைன். பிரசன்னாவின் குரல் கேட்டது: "பாய், நெஜமா கேக்கறேன். நாங்க டைவர்ஸா, இல்லையா?"

இல்லை சார், இல்லை என்று நான் சொன்ன வேகத்தில் பக்கத்துக் கவுண்டர்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கடைக்கு வந்துவிட்டார்கள். வித்யா, பிரசன்னா, அவர்களோடு கவிதாவும் தன்யாவும். கவிதாவை நான் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். கம்பெனி யூனிஃபார்மோடு வந்திருந்தார். ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். வித்யாவுக்குக் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பிரசன்னா என் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா கத்தவில்லை. "நான் குடுத்த சீட்டு எங்க பாய்?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்டேப்ளருக்கு அடியிலிருந்து எடுத்தேன். பதினெட்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாக விரித்தேன். கவிதா, கணவர் செந்தில். திருச்சி குடும்ப நல நீதிமன்றம். தீர்ப்பு வந்த வருஷம். கடைசி வரியில், சின்ன எழுத்தில், வழக்கு எண்.

வழக்கு எண்ணே இருந்தது. முப்பது வருஷத்தில் எந்தக் கஸ்டமரும் எனக்கு வழக்கு எண்ணைக் கையில் கொடுத்ததில்லை. கொடுத்த ஒரே ஆளின் சீட்டை நான் படிக்கவில்லை. அன்றைக்கே திருச்சிக்கு அனுப்பியிருந்தால் நகலும் முத்திரைகளும் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். தன்யாவின் விசாவில் ஏழு நாள் மிச்சம். கோர்ட்டில் நகல் வாங்கவே அது போதாது. அதற்கப்புறம் சென்னையில் முத்திரை, இங்கே முத்திரை, அரபியில் மொழிபெயர்ப்பு. எனக்குத் தெரிந்த எல்லா வழியையும் யோசித்தேன். இல்லாத வழியையும் இரண்டு மூன்று யோசித்தேன். குழந்தை ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும், பேப்பர் வந்து விசா போட்டபின் மறுபடி வர வேண்டும். வேறு வழி இல்லை.

கவிதா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வித்யாவுக்குப் போட்டுக் கொடுத்த, ஏசிக்குப் பக்கத்து நாற்காலி. "அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

தன்யா பக்கத்தில்தான் நின்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்கிறேன் என்றேன். நேராக ஒரு கேள்வி கேட்கத் தெரியாமல் இவ்வளவு தூரம் இழுத்து வந்தவன், ஒரு விஷயத்தையாவது நேராகச் சொல்லலாமே என்று. குனிந்து அவளிடம் சொன்னேன். உன் அம்மா மேல் தப்பில்லை, அம்மா எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கொடுத்தார், நான்தான் படிக்கவில்லை, அதனால் நீ கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும்.

அவள் கால்குலேட்டரை மேஜையில் வைத்தாள்.

"தப்பு உங்க மேலன்னா நீங்கதானே போகணும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எந்த ஃபாரமும் இல்லை. "நானும் வரேன்" என்றேன்.

அப்படித்தான் நான் திருச்சிக்குப் போனேன். கவிதா புது வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, லீவு கிடைக்கவில்லை. வித்யா ஒரு வாரம் லீவு போட்டுக் குழந்தையோடு வந்தார். விமான நிலையத்தில் கவிதா மகளை விட்டுப் பிரிந்ததை நான் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று என் போர்டிங் பாஸை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

விமானத்தில் தன்யா ஜன்னலோரம். நான் ஒரு தடவை டாய்லெட்டுக்கு எழுந்தபோது, "திரும்பி வருவீங்கல்ல?" என்று கேட்டாள். விமானத்தை விட்டு எங்கே போவேன் என்று சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை.

நூற்றுக்கணக்கான பேருக்குக் கோர்ட் நகல் வரவழைத்துக் கொடுத்தவன்தான், ஆனால் அன்றுவரை ஒரு கோர்ட்டின் நகல் பிரிவைக் கண்ணால் பார்த்தது கிடையாது. கவிதாவின் அதிகாரக் கடிதமும், வித்யா பிடித்துக் கொடுத்த ஒரு வக்கீலின் கையெழுத்தோடு மனுவுமாகப் போய் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். மனுவைப் புரட்டினார்.

"யாருக்கு சார் இது?"

"தெரிஞ்சவங்களுக்கு மேடம்."

கண்ணாடியைக் கீழே இறக்கினார். என் தலையைப் பார்த்தார். கிளம்புகிற அவசரத்தில் அந்த வாரம்தான் சாயம் அடித்திருந்தேன், கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"எல்லாரும் தெரிஞ்சவங்களுக்குன்னுதான் சொல்லுவாங்க" என்றார். "இதுல என்ன சார் வெக்கம். இந்த வயசுல ஒரு துணை வேணாமா? அந்தப் பொண்ணும் பாவம், எவ்வளவு நாள் தனியா இருக்கும். தேதி குறிச்சாச்சா?"

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். மேடம், எனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், பேரன் இருக்கிறான் என்று சொல்லத்தான். ஆனால் அந்த அம்மா அதற்குள் பக்கத்து மேஜைக்காரரிடம் என் மனுவை நீட்டி, இதை முதலில் எடுங்கள், அவசரம் என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை வெட்கம் என்று அவர் குறித்துக்கொண்டிருப்பார். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நகல் கையில். "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று வாழ்த்தி அனுப்பினார். இந்தப் பகுதியை என் வீட்டுக்காரியிடம் நான் இதுவரை சொல்லவில்லை. உங்கள் மேனேஜருக்கு இதை அச்சடிக்கிற எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லட்டும், நான் வீட்டுப் பிரதியை ஒளித்து வைக்கிறேன்.

சென்னையில் முத்திரைகளுக்காக நான் அலைந்தது, இங்கே திரும்பி வந்து நின்றது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடு. நான்கு வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறந்து எட்டு நாள் கழித்துத் தன்யா வந்து இறங்கினாள். அந்த நாலு வாரமும் அவள் மாமா வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கவிதா ஒரே ஒரு தடவை சொன்னார்: முதல் மூன்று நாள் போனில் பேச மாட்டேன் என்றிருக்கிறாள். அந்த மூன்று நாள் என் கணக்கில்தான்.

பிரசன்னா அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வருவதில்லை. வாடகை ஒப்பந்தத்தை வித்யாதான் கொண்டுவருகிறார். "ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும் பாய், இன்னும் சேர்ந்துதான் இருக்கோம்" என்று வருஷா வருஷம் ஞாபகப்படுத்துகிறார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். ஒருவர் ஃப்ரெண்டுக்கு என்று சொன்னால், நம்புங்கள். அது பொய்யாக இருந்தாலும் அவர் சொன்ன பெயரைத்தான் எழுத வேண்டும், உங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதக்கூடாது. கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு கேளுங்கள்: யார் பெயரில் வழக்கு, எந்த ஊர், யார் போட்டது. கேட்காமல் காட்டுகிற மரியாதையில் ஒருத்தர் குடும்பம் ஒரு சனிக்கிழமை காலையில் பிரிந்துபோகலாம். சீட்டைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். இவ்வளவுதான். இதற்கு முப்பது வருஷம் வேண்டியதில்லை, எனக்கு வேண்டியிருந்தது.

தன்யா வந்த மறுவாரம் கவிதா அவளை ரெசிடென்ஸ் விசாவின் மீதி வேலைக்காகக் கடைக்குக் கூட்டி வந்தார். அவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் உள்ளே வந்து, எம்பி நின்று, நீல நிறப் பின்னணியில் எடுத்த ஃபோட்டோவைக் கவுண்டரில் வைத்தாள். தப்பான நிறம். வெள்ளையில்தான் எடுக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"யாருக்கும்மா பேப்பர்?"

"எனக்குத்தான்" என்றாள். "வேற யாருக்கு?"

இத்தனை வருஷத்தில் என் கவுண்டரில் நின்று அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் பெயரை அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினேன்.